அண்ணல் நடவாத வழிகள்

கபிலவத்துவின் அரண்மனையில் சித்தார்த்தக் குழவி தொட்டிலிலே கிடந்த காலத்தில், மலையினின்று இறங்கி வந்த அசித முனிவர் அக் குழவியின் அங்க இலக்கணங்களைக் கண்டு இருவகை வாழ்வைக் கூறினார் என்பது நம் உபாசகர் அனைவரும் அறிந்த வரலாறு. இல்லறத்தே நிற்பின் பிள்ளை சக்கரவர்த்தியாவான். துறந்து செல்லின் உலகிற்கு வழிகாட்டும் புத்தனாவான் என்பது அவர் கணிப்பு. பிள்ளை ஒன்றே, ஆயினும் அதன் முன்னே இரண்டு வாழ்வுகள் விரிந்து கிடந்தன. சுத்தோதனர் ஒன்றை விரும்பினார். பிள்ளை மற்றொன்றைத் தேர்ந்தது. பகவரின் சரிதத்தைப் படிக்கும் நாம் அவர் நடந்த வழியையே எப்போதும் பேசுகின்றோம். அவர் நடவாது விட்ட வழியையும் சிறிது எண்ணிப் பார்த்தாலன்றோ நடந்த வழியின் அருமை நமக்கு விளங்கும்?

ஈண்டு நாம் பேசப் புகுவது முற்பிறவி மறுபிறவிக் கதையன்று. ஒரே பிறவியில் ஒருவன் வாழக்கூடிய பல வாழ்வுகளைப் பற்றியே பேசுகின்றோம். அவற்றுள் ஒன்றுதான் நிகழ்கிறது. ஏனையவை நிகழாமற் போகின்றன. நிகழாமற் போனவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பிறர் கதவடைத்தமையால் நடக்க இயலாது போன வழிகள் சில. கதவு திறந்திருந்தும் தாமே வேண்டாவென்று விட்ட வழிகள் சில. காலன் குறுக்கிட்டமையால் பாதியில் நின்றுபோன வழிகள் சில. இம் மூன்றையும் பிரித்துணராதவர், கிடைக்காததையும் துறந்ததையும் ஒன்றாகக் கருதி மயங்குவர்.

இம் மூவகை வழிகளும் தெளிவாகக் காணப்படும் வாழ்வு, பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வு. அவர் சாதித்தவற்றை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆகவே, அவர் எவ்வெவ்வாறெல்லாம் ஆகியிருக்கக்கூடும், ஏன் அவ்வாறு ஆகவில்லை என்பதையே இக் கட்டுரையில் ஆராய்வோம்.

இளமையில் அடைபட்ட வாயில்

1891 ஏப்ரல் 14-ஆம் நாள், இராணுவக் குடியிருப்பாகிய மௌ என்னும் ஊரில், இராம்ஜி சக்பால், பீமாபாய் என்போருக்குப் பதினான்காவது மகவாகத் தோன்றினார் பீமராவ். தந்தையார் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கபீர்தாசரின் நெறியைப் பின்பற்றியவர். குலமோ, பம்பாய் மாகாணத்தார் தீண்டத்தகாதது என்று ஒதுக்கி வைத்த மகார் குலம். தாயார் பிள்ளைக்கு ஐந்து வயதளவில் மறைந்தார். சதாராவில் பள்ளியிற் பயின்ற நாளில், தனிக் கோணித் துண்டின்மேல் அமர்ந்து படித்தார். தாகமெடுத்தால் பள்ளிச் சேவகன் குழாயைத் திறந்துவிட்டாலன்றி நீர் அருந்த இயலாது. சேவகன் வாராத நாளில் நீரும் இல்லை.

பம்பாய்க்கு வந்து எல்பின்ஸ்டன் பள்ளியில் சேர்ந்தபோது வடமொழி பயில விரும்பினார். அதற்கும் தடை ஏற்பட்டது. வேறு வழியின்றிப் பாரசீக மொழியை எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் வடமொழியைத் தம் முயற்சியாலேயே கற்று, சாத்திரங்களையெல்லாம் தாமே படித்து, அவற்றின் உள்ளீடு யாதென உலகறியக் காட்டினார். அன்றே ஓர் ஆசிரியர் அன்புடன் வடமொழி கற்பித்திருந்தால் பீமராவ் என்ன ஆகியிருப்பார்? சமயச் சடங்குகளில் பற்றுடைய ஒரு பண்டிதராகவும் ஆகியிருக்கலாம். கதவடைத்தவர் தாம் செய்வது யாதென அறியாமலே, அக் கதவின் வலிமையை அளந்து பார்க்கும் அறிஞர் ஒருவரை உண்டாக்கிவிட்டனர். ஆயினும், இதனால் கதவடைத்தது நன்றென்று எவரும் கூறற்க. வாயில் அடைபட்டு, பாரசீகமும் இன்றி, பள்ளியும் இன்றிப் போன பிள்ளைகள் எத்தனை ஆயிரமோ! அவர்கள் பெயரை எவ் வரலாறும் எழுதி வைக்கவில்லை.

அப் பருவத்திலேயே வேறொரு சிறு வாயில் திறந்தது. பள்ளித் தேர்வில் அவர் தேறியமைக்காகக் கூட்டப்பட்ட பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரிதத்தைப் பரிசாக அளித்தார். ஒரு பிள்ளையின் கையில் ஒரு புத்தகம், அவ்வளவே. அதன் பயன் விளைய ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. நம்மில் எவரேனும் ஒரு பிள்ளைக்கு ஒரு நூலைக் கொடுத்துவிட்டு மறுவாரமே பயனைத் தேடினால், கேளுஸ்கரை நினைத்துக்கொள்வார்களாக.

பரோடாவில் முடிந்திருக்கக்கூடிய வாழ்வு

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவியால் பீமராவ் கல்லூரிப் படிப்பை முடித்தார். 1913-இல் அம் மன்னரே அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்திற்கு அனுப்பினார். படித்து முடித்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் ஊழியம் செய்வதென்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டே கப்பலேறினார். மூன்றாண்டுகள் நியூயார்க்கில் கற்றார். பின்னர் இலண்டன் சென்றார். உதவிக் காலம் முடிவுற்றதால் படிப்பை இடையிலே நிறுத்தி 1917-இல் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா சென்றார். மன்னரின் படைத்துறைச் செயலாளர் பதவி தரப்பட்டது. நிதி அமைச்சராக்கும் எண்ணமும் மன்னருக்கு இருந்தது.

இவ் வழி நேரே சென்றிருந்தால்? பத்தாண்டு ஊழியம், பின்னர் அமைச்சர் பதவி, மாளிகை, வண்டி, ஓய்வூதியம். நற்குணமுடைய ஒரு சமஸ்தான அதிகாரி என்று எங்கோ ஒரு மூலையில் பெயர். மன்னர் நல்லவர், ஊதியம் நல்லது. குறை ஒன்றே: அவ்வூரில் அவர் தங்குவதற்கு இடம் இல்லை. இந்து விடுதிகள் ஏற்க மாட்டா. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, தடி ஏந்திய பார்சிகள் பன்னிருவர் அளவில் வந்து சூழ்ந்து, மாலைக்குள் வெளியேற வேண்டுமென்று அச்சுறுத்திச் சென்றனர். ஓர் இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் இடம் கேட்டார். இருவரும் ஏதோ ஒரு காரணம் கூறினர். பம்பாய் வண்டி இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்தார். கொலம்பியாவில் பட்டம் பெற்ற அறிஞர், ஒரு மன்னரின் செயலாளர், தம் மூட்டையோடு மரத்தடியில் அமர்ந்து பொழுது சாய்வதைப் பார்த்திருந்தார்.

இது பிறர் அடைத்த வழி, அவர் துறந்ததன்று. இதைத் தியாகம் என்று போற்றுதல் தகாது. அநீதி என்றே கூறுதல் வேண்டும். ஆனால், அதன்பின் அவர் நடந்துகொண்ட முறை நமக்குப் பாடமாகும். தடியோடு வந்தவர் பார்சிகள் என்பதால் அவர் அக் குலத்தாரை வெறுக்கவில்லை. 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றபோது ஐயாயிரம் ரூபாய் கடன் தந்து உதவியவர், கொலம்பியாவில் உடன் பயின்ற நவல் பதேனா என்னும் பார்சி நண்பரே. ஒரே இனத்தில் தடியும் உண்டு, உதவிக் கரமும் உண்டு. மனிதரைக் குலங்கொண்டு அளப்பது தவறென்பதை, குலத்தால் துன்புற்றவரே தம் நட்பினால் மெய்ப்பித்தார்.

பேராசிரியர், பொருளறிஞர், வழக்கறிஞர்

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். மாதம் 450 ரூபாய். அக் காலத்தில் அது பெருந்தொகை. ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாதென்று உடன் பணியாற்றியோர் சிலர் முணுமுணுத்தபோதும், மாணவர் அவர் பாடத்தை விரும்பிக் கேட்டனர். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில், ஆலைத் தொழிலாளரோடு தொழிலாளராக வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். வேறொருவர் அம் மிச்சத்தைக் கொண்டு வீடு வாங்கியிருப்பர். அவரோ, நான்காண்டுக்குள் திரும்பிவந்து படிப்பை முடிக்கலாம் என்று இலண்டன் பல்கலைக் கழகம் தந்திருந்த இசைவை மறவாதவராய், 1920-இல் பதவியை விட்டுக் கப்பலேறினார். இது அவர் தாமே விட்ட வழி.

1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெரும் பட்டம் பெற்றார், பாரிஸ்டரும் ஆனார். நாணய முறை குறித்து ஆராய வந்த அரச ஆணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பொருளியலே அவர் முதற் காதல் எனலாம். உலகின் எப் பல்கலைக் கழகத்திலும் அமர்ந்து நாணயம், வரி, நிதி ஆகியவற்றைப் பற்றி வாழ்நாள் முழுதும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பெரும் பொருளறிஞர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பார். அவ் வாழ்வு நிகழவில்லை. 1924 ஜூலை 20-ஆம் நாள் ஒதுக்கப்பட்டோர் நலச் சங்கம் தொடங்கிய அன்றே, அமைதியான படிப்பறையின் கதவு ஒருவாறு மூடிற்று எனலாம். 1935-இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வருமானார். அதனையும் 1938-இல் விட்டார்.

விட்ட வழிகளுக்கு விலை உண்டு. அவ் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அயல்நாட்டில் அவர் கற்ற ஆண்டுகளில், அவர் துணைவியார் இரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பம் காத்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்து நால்வர் இளமையிலே மறைந்தனர். 1926-இல் இராஜரத்னம் என்னும் செல்லக் குழந்தையை இழந்தபோது அண்ணல் உடைந்துபோனார். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். பெருமக்கள் வரலாற்றை எழுதுவோர் இப் பகுதியைப் பெரும்பாலும் இரண்டே வரியில் கடந்து செல்வர். அண்ணல் நடவாத வழிகளுள், மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளோடு உண்டு மகிழும் எளிய இல்வாழ்வும் ஒன்று என்பதை நாம் மறத்தல் கூடாது. அம்மையார் 1935 மே 27-ஆம் நாள் மறைந்தார்.

ஆலையும் நாடாவும்

பல்லாண்டு ஆலையிலே உழைத்து, ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்தவர் நாம். ஆகவே இப் பகுதியைச் சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்புப் பகுதியில் வேலை பெற்றனர். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்களுக்கு இடமில்லை. காரணம் யாது? தறியில் ஓடும் நாடாவினுள் தார் தீர்ந்தவுடன், புதுத் தாரை இட்டு, நூலின் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எனப்பட்டவரின் வாய் பட்ட நாடாவில் தம் வாயை வைக்கப் பிற தொழிலாளர் உடன்படவில்லை. முதலாளியை எதிர்த்து ஒன்றாகக் கொடி பிடித்தவர்களே ஒரு நாடாவிற்காகத் தம் உடன் தொழிலாளியை விலக்கி வைத்தனர். 1928-இல் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, நெசவுப் பகுதியை எம் மக்களுக்கும் திறந்துவிடக் கோருவதையும் கோரிக்கைகளுள் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களை அண்ணல் வற்புறுத்தினார்.

நாடாவை வாயால் உறிஞ்சிய தொழிலாளியின் நுரையீரலில் பஞ்சுத் துகள் சென்று தங்கும். ஒருவர் நோய் மற்றவரைப் பற்றும். அந் நோய் குலம் பார்ப்பதில்லை. மனிதன் மட்டுமே பார்த்தான்.

இங்கும் ஒரு வழி அவர் முன்னே திறந்திருந்தது: முழுநேரத் தொழிலாளர் தலைவராதல். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1938 நவம்பர் 7-ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் மசோதாவை எதிர்த்து, பொதுவுடைமைத் தலைவர்களோடு கை கோத்துப் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழில்துறை உறுப்பினராக இருந்தார். ஆலைகளில் வாரத்திற்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 48 மணியாகக் குறைந்தது, அவர் கொணர்ந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தினாலேயே. எட்டு மணி வேலை முடிந்து வாயிற்கதவு திறக்கும் பொழுதெல்லாம் அவர் கை அங்கே இருக்கிறது என்பதை நம் தொழிலாளத் தோழர் பலர் அறியார்.

எனினும் அவர் தொழிலாளர் தலைவர் என்ற நிலையோடு நிற்கவில்லை. கூலி உயர்ந்தாலும் நாடா தனித்தே இருக்குமாயின், அவ் விடுதலை பாதி விடுதலையே என்பதை அவர் கண்டார். வயிற்றின் பசி தீர்ந்தபின்னும் மனிதனை மனிதன் மதியாத நோய் நிற்கும்; அந் நோய்க்கு மருந்து ஆலையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. அம் மருந்தைத் தேடியே அவர் வாழ்வின் பிற்பகுதி சென்றது.

இருபத்தோராண்டு ஆராய்ச்சி

1927 மார்ச் 20-இல் மகாடு ஊரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானவரோடு இறங்கி நீர் அருந்தினார். 1930 முதல் நாசிக் காளாராமர் கோயில் வாயிலில் அறப்போர் நடந்தது. குளத்து நீரும் கோயில் வாயிலும் மக்கள் அனைவருக்கும் பொதுவென்று உயர்சாதியினர் ஏற்றிருந்தால், அண்ணல் இந்து சமயச் சீர்திருத்தக்காரர்களுள் ஒருவராக வாழ்ந்து முடிந்திருக்கலாம். அவர் முதலில் நடக்க முயன்ற வழி அதுவே. ஆண்டுக்கணக்காகக் கதவைத் தட்டினார், திறக்கவில்லை. இரமாபாய் அம்மையார் பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தரிசிக்க விரும்பியபோது, எட்ட நின்று கும்பிட வைக்கும் இடத்திற்குச் செல்வானேன், நம் நல்வாழ்வாலும் தொண்டாலும் நாமே வேறொரு பண்டரிபுரம் படைப்போம் என்னும் கருத்துப்படக் கூறித் தடுத்தார். அம்மையார் மறைந்த அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், இயோலா மாநாட்டில், தாம் இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, ஆனால் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

அவ்வளவே! நான்கு திக்கிலிருந்தும் அழைப்புகள் வந்தன. இசுலாமியத் தலைவர்கள் வரவேற்றனர். கிறித்தவப் பேராயர் மகிழ்ச்சி தெரிவித்தார். காசியிலிருந்து மகாபோதி சங்கத்தார் தந்தி அனுப்பினர். 1936-இல் அமிர்தசரசில் கூடிய சீக்கியர் மாநாட்டிற்குச் சென்றார்; தம்மைச் சேர்ந்தோர் சிலரை அங்கே அனுப்பிச் சீக்கிய நெறியை அறிந்துவரச் செய்தார். பம்பாயில் சீக்கியர் நிறுவிய கால்சா கல்லூரி அத் தொடர்பின் பயனே. அதே ஆண்டில் லோகநாதர் என்னும் இத்தாலிய பிக்கு அவர் இல்லம் தேடி வந்து பௌத்தத்தைப் பற்றிப் பேசிச் சென்றார்.

அவர் சீக்கியராகியிருந்தால், வீரமும் உழைப்பும் மிக்க ஒரு சமூகம் அவர் மக்களைத் தாங்கியிருக்கும். இசுலாத்தையோ கிறித்தவத்தையோ தழுவியிருந்தால், பொருளும் பள்ளியும் மருத்துவமனையும் பெருந்துணையும் உடனே கிட்டியிருக்கும். இச் சமயங்களுள் ஒன்றையும் நாம் குறைத்துக் கூறுவோமல்லோம். ஒவ்வொன்றிலும் ஒடுக்கப்பட்டோர் கோடிக்கணக்கில் ஆறுதல் பெற்றுள்ளனர். பௌத்தமோ அந் நாளில் இந் நாட்டில் தந்தையற்ற பிள்ளை போல் கிடந்தது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் பௌத்தர் ஏறத்தாழ 1,80,000 பேரே. கொடுக்கப் பொருளில்லை, காக்கப் படையில்லை. செல்வமுள்ள வாயில்களையெல்லாம் கடந்து, ஆளற்றுக் கிடந்த வாயிலில் போய் நின்றார் அண்ணல்.

ஏன்? எதையும் ஆராய்ந்து ஏற்கும் உரிமை, எல்லா உயிர்மேலும் கருணை, மனிதருள் ஏற்றத்தாழ்வின்மை என்னும் மூன்றையும் ஒருங்கே கண்ட இடம் அதுவென்று அவர் தெளிந்தார். அது இம் மண்ணிலேயே பிறந்த நெறி என்பதும் அவருக்குப் பெரிதாயிற்று. இத் தெளிவுக்குத் தமிழகமும் ஓரளவு துணை செய்தது என்பதை நாம் அடக்கத்தோடு நினைவுகூரலாம். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தழைத்தன. சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு 1907-இல் வெளியிட்ட பௌத்த சாரம் என்னும் ஆங்கில நூலை, 1948-இல் தம் முன்னுரையோடு மீண்டும் பதிப்பிக்கச் செய்தவர் அண்ணலே.

இங்கே ஒரு கேள்வியை நாம் மறைக்காமல் எழுப்ப வேண்டும். 1935-இல் அறிவித்தவர் 1956 வரை காத்திருந்தது ஏன்? அவ் இருபத்தோராண்டும் இழப்பன்றோ? 1936-லேயே தம்மம் ஏற்றிருந்தால், விகாரை கட்டவும் பிக்குகளைப் பயிற்றவும் இருபதாண்டு கிடைத்திருக்குமன்றோ? நம் அன்பர் பலர் இதைக் கேட்பதுண்டு. இழப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். அவர் சொல்லை நம்பிக் காத்திருந்த முதியோர் பலர் அந் நாளைக் காணாமலே கண் மூடினர். ஆயினும், அவ் ஆண்டுகளில்தான் வட்டமேசை மாநாட்டிற்குப் பின்வந்த உரிமைப் போராட்டங்களும், தொழிலாளர் சட்டங்களும், 1947 ஆகஸ்ட் 29-இல் தொடங்கிய அரசியலமைப்பு வரைவுப் பணியும் நிறைவேறின. மேலும், ஒரு தனி மனிதன் ஓர் இரவில் மதம் மாறலாம். இலட்சக்கணக்கான குடும்பங்கள் மனம் மாறக் காலம் வேண்டும். அவர் தமக்காக மட்டும் வழி தேடியிருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரோடு செல்ல நினைத்தவர், ஊர் ஆயத்தமாகும் வரை நின்றார். இதுவே நம் கருத்து. மாறுபட்டு எண்ணுவோரும் எண்ணுக.

பதவியைத் துறந்த செப்டம்பர்

இந்திய விடுதலைக்குப் பின் முதல் சட்ட அமைச்சர் அவரே. வாழ்வில் அதற்குமேல் வேண்டுவது யாது? அமைதியாக இருந்திருந்தால் நெடுங்காலம் அமைச்சராகவே இருந்திருக்கலாம். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் அளிக்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் முடங்கியதைக் காரணங்களுள் தலையாயதாகக் கொண்டு, 1951 செப்டம்பர் 27-இல் பதவியைத் துறந்தார். 1952 பொதுத் தேர்தலில் தோற்றார். 1954 இடைத்தேர்தலிலும் தோற்றார். உலகோர் கண்ணுக்கு அது வீழ்ச்சி. ஆனால், அந்த ஓய்விலன்றோ புத்தரும் அவர் தம்மமும் என்னும் பெருநூல் உருவாயிற்று!

அந் நூலில் அவர் செய்த ஒரு மாற்றம் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. மூப்பு, பிணி, சாவு, துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டு சித்தார்த்தர் துறந்தார் என்பது வழக்கமான கதை. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் இவற்றைக் காணாதிருந்தார் என்பதை அண்ணலின் அறிவு ஏற்கவில்லை. அவர் எழுதியவாறு, உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு எழுந்தபோது சித்தார்த்தர் மறுத்தார். சங்கத்தார் மூன்று வழிகளை அவர்முன் வைத்தனர்: படையிற் சேர்தல், தூக்கோ நாடுகடத்தலோ ஏற்றல், குடும்பம் ஒதுக்கி வைக்கப்பட்டு உடைமை பறிமுதலாவதற்கு உடன்படுதல். போரை வேண்டாது, குடும்பத்தாரையும் துன்பத்திற்கு ஆளாக்காது, நாட்டைவிட்டு நீங்கும் துறவைச் சித்தார்த்தர் தேர்ந்தார்.

நீரால் மறுக்கப்பட்டவர், நீருக்காகக் குளத்தில் இறங்கியவர், பகவரின் துறவையும் நீர்ச் சண்டையிலிருந்தே தொடங்கினார். விதியோ தேவர்களோ தள்ளிச் சென்றதாக அன்று. வழிகளை அறிந்து, விலையை அறிந்து, ஒருவர் தாமே தேர்ந்ததாக அதை எழுதினார். தம் வாழ்வையும் அவர் அவ்வாறே கண்டார் என்று நாம் கருதுகின்றோம்.

ஐம்பத்து மூன்று நாட்கள்

1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில், குசிநகரத்து முதுபெரும் பிக்கு சந்திரமணி மகாதேரர் அண்ணலுக்கும் துணைவியார் சவிதா அம்மையாருக்கும் திரிசரணமும் பஞ்சசீலமும் அளித்தார். பின்னர் அண்ணலே தம் மக்களுக்குத் தம்ம தீக்கை தந்து, இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். வெள்ளாடை உடுத்தி வந்திருந்தோர் பல இலட்சம். நவம்பரில் காட்மண்டு உலக பௌத்த மாநாடு சென்று, சாரநாத்தையும் குசிநகரத்தையும் கண்டு தில்லி திரும்பினார். டிசம்பர் 5 இரவும் தம் நூலின் முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் உயிர் பிரிந்திருந்தது. தேடிய வழியில் அவர் நடந்தவை ஐம்பத்து மூன்று நாட்களே.

டிசம்பர் 16-இல் பம்பாயில் நடத்தவிருந்த தீக்கை விழாவை அவர் காணவில்லை. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தம்மம் பரப்பும் பணியாளரை உருவாக்க நினைத்ததும் நினைவாகவே நின்றது. இவை மூன்றாம் வகை: காலன் இடைமறித்த வழிகள். ஆயினும், டிசம்பர் 7-இல் தாதர் கடற்கரையில் சிதை எரிந்த அன்றே, பிக்கு ஆனந்த கௌசல்யாயனர் முன்னிலையில் பெருந்திரளானோர் சரணம் புகுந்தனர். 1961 கணக்கெடுப்பில் இந்திய பௌத்தர் ஏறத்தாழ 32,50,000. ஒருவர் நடந்து முடிக்காத வழியில் மற்றவர் நடக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமக்குரியது யாது?

தம்ம உபதேசத்திற்காக நாம் செல்லுமிடங்களில், வாழ்வு வேறாக இருந்திருக்கலாகாதா என்று ஏங்கும் அன்பர்களைக் காண்கின்றோம். ஒருவர் படிக்க முடியாமற் போனதை எண்ணி வருந்துவார். ஒருவர் விட்டுவந்த ஊரை எண்ணுவார். ஆலை மூடியபின் வேலையின்றி நின்ற நம் தோழர்கள், வேறு தொழில் கற்றிருக்கலாமே என்று பெருமூச்சு விடுவார்கள். இவ் ஏக்கத்தை நாம் இகழோம். ஆனால், மூவகை வழிகளைப் பிரித்துப் பார்க்குமாறு வேண்டுவோம். பிறர் அடைத்த வழிக்காக உம்மை நீரே நொந்துகொள்ள வேண்டா. முற்பிறவி வினையென்று தலை குனியவும் வேண்டா. அக் கதவை உம் பிள்ளைக்காகத் திறக்க முயல்க. நீரே விட்ட வழிக்காக வருந்தவும் வேண்டா. எதற்காக விட்டீரோ அதனைச் செம்மையாகச் செய்க. காலம் இடைமறித்த வழியை அடுத்தவர் கையில் ஒப்படைக்க.

கற்று உயர்ந்த இளைஞர்க்கும் ஒரு சொல். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, படித்துப் பதவி பெற்றோர் தம் மக்களை மறந்து தம் வயிற்றையே பேணுகின்றனரே என்று அண்ணல் மனம் நொந்தார். பரோடாவின் மாளிகையும், பேராசிரியர் நாற்காலியும், அமைச்சர் ஆசனமும் அவருக்கு எட்டாதவை அல்ல. அவர் அவற்றை இகழவும் இல்லை. அவற்றில் தங்கிவிடவில்லை, அவ்வளவே. இன்று அவற்றை ஒத்த பதவிகளில் அமர்ந்திருப்போர், தாம் அமர்ந்திருக்கும் இடம் ஒருவர் தங்காமல் எழுந்து சென்றதால் கிடைத்த இடம் என்பதை நினைப்பார்களாக.

ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவர் முன்னும் இரண்டு வழிகளேனும் கிடக்கின்றன. பெரிய வழிகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதா, வாளாவிருப்பதா? ஒரு குவளை நீரைக் குலம் கேளாமல் கொடுப்பதா, கேட்டுக் கொடுப்பதா? சினத்தைச் சொல்லாக்குவதா, விழுங்குவதா? தேர்வது நம் கையில் இருக்கிறது என்பதே பகவர் காட்டிய நெறி. அண்ணல் நடவாத வழிகளை நாம் எண்ணிப் பார்த்தது, நாம் நடக்கும் வழியில் அடி தவறாதிருக்கவே. உயிர்கள் யாவும் நலம் பெறுக.